ஒரு ஏக்கர் சாலையோர நிலம்: கடை கட்டலாமா, குடோன் கட்டலாமா?

கேள்வி இதுதான்: "சாலையோரத்தில் ஒரு ஏக்கர் நிலம் விலைக்கு வந்திருக்கிறது. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கலாம். வரிசையாகக் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாமா, இல்லை முன்னால் ஆபீஸ், பின்னால் குடோன் என்று ஃப்ளெக்ஸ் கட்டடமாகப் போடலாமா? விற்பவர் ஒரு வாரத்துக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். சொல்கிற விலை சரிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் விடை அதில்தான் இருக்கிறது. பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போனது என்று விசாரித்து, அதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அந்த நிலத்தை வாங்கியவர் அங்கே என்ன கட்டப் போகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. அவர் தப்பான விலை கொடுத்திருந்தாலும் தெரியாது. வாடகைக் கட்டடம் கட்டப் போகிறவருக்கு நிலத்தின் விலை கணக்கின் கடைசி வரியில்தான் கிடைக்கும். முதலில் வாடகை, அப்புறம் அந்த வாடகைக்கு எவ்வளவு முதல் போடலாம், அதில் கட்டுவதற்கான செலவு எவ்வளவு என்று பார்த்துக் கழித்தால் மிஞ்சுவதுதான் நிலத்துக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய விலை.

ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். எல்லாச் செலவும் போக ஆண்டுக்கு 100 நிகர வாடகை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஆயிரமோ லட்சமோ, விகிதம்தான் முக்கியம்). அந்தப் பகுதியில் வாடகைக்கு ஆள் இருக்கிற கட்டடங்கள் 7 சதவீத வருமானக் கணக்கில், அதாவது ஆண்டு நிகர வாடகை விலையில் 7 சதவீதமாக இருக்கும்படி கைமாறுகின்றன என்றால், முடிந்த கட்டடத்தின் மதிப்பு சுமார் 1,429. ஆனால் நீங்கள் முடிந்த கட்டடத்தை வாங்கவில்லை. வெறும் மண்ணிலிருந்து ஆரம்பித்து, அனுமதி வாங்கி, கட்டி, ஆள் பிடித்து, அத்தனை ஆபத்தையும் சுமக்கிறீர்கள். அதற்காகப் போட்ட முதலில் குறைந்தது 9 சதவீதமாவது வர வேண்டும் என்று வைத்தால், மொத்தச் செலவு 1,111ஐத் தாண்டக் கூடாது. சந்தை வீதத்துக்கும் இதற்கும் உள்ள இந்த 2 சதவீத இடைவெளிதான் உங்கள் உழைப்புக்கும் தூக்கம் கெட்டதற்கும் கூலி. ஒன்றரைக்குக் கீழே போனால் நான் தொடவே மாட்டேன்.

இப்போது கழியுங்கள். கட்டுமானத்துக்கு 650. வரைபடம், அனுமதிக் கட்டணம், ஆலோசகர்கள், வாடகைதாரரைக் கொண்டுவருகிற தரகு எல்லாம் சேர்த்து 130. கட்டும் காலத்து வட்டி 70. எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கியது 60. மொத்தம் 910. மிச்சம் 201, அதுதான் நிலத்துக்கு. சரி, நீங்கள் நினைத்த வாடகை 10 சதவீதம் குறைந்து 90 ஆகிவிட்டால்? மொத்தச் செலவின் வரம்பு 1,000க்கு இறங்கும். கட்டுமானம் குறையாது, வட்டி குறையாது. நிலத்துக்கு மிஞ்சுவது வெறும் 90. வாடகை பத்தில் ஒரு பங்கு சரிந்ததற்கு நிலத்தின் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. இந்த ஒரு வரியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகையைக் கூட்டி மதிப்பிட்டு நிலத்தை வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கட்டட வேலை தொடங்கும்போது நிலத்தின் பணம் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருக்கும்.

அதனால் உங்கள் முதல் வேலை வாடகையைத் தெரிந்துகொள்வது. தரகர் சொல்கிற வாடகை ஒன்று, காலியாகத் தொங்கும் பலகையில் கேட்கிற வாடகை இன்னொன்று, ஒப்பந்தத்தில் கையெழுத்தான வாடகை மூன்றாவது. மூன்றாவதுதான் வேண்டும். அந்தச் சாலையில் ஏற்கெனவே வாடகைக்கு இருக்கிற பத்துப் பேரிடமாவது போய்ப் பேசுங்கள். கடைக்காரர்கள், பிளம்பிங் ஏசி வேலை எடுத்துச் செய்கிறவர்கள், கேட்டரிங் நடத்துகிறவர்கள், ஆன்லைனில் சரக்கு விற்று வீட்டு ஹாலையே குடோனாக்கி வைத்திருப்பவர்கள். "இப்போது இருக்கிற இடத்தில் என்ன குறை?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காதைக் கொடுங்கள். ஷட்டர் உயரம் போதவில்லை, வண்டி நிறுத்த இடமில்லை, மின்சார லோடு பத்தவில்லை என்று அவர்களே உங்கள் கட்டடத்தை வரைந்து கொடுத்துவிடுவார்கள்.

அடுத்து, அந்த ஒரு ஏக்கரில் உண்மையில் எவ்வளவு கட்டடம் நிற்கும் என்பது. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. தரைத்தளக் கடைகளுக்கு 1,000 சதுர அடிக்கு நான்கைந்து கார் நிற்க இடம் வேண்டும் என்பது பரவலாகக் கேட்கப்படும் அளவு. ஒரு கார் நிற்கும் இடத்தையும் அது உள்ளே வந்து திரும்பும் பாதையையும் சேர்த்தால் சுமார் 325 சதுர அடி பிடிக்கும். ஐந்து கார் என்றால் 1,000 சதுர அடிக் கடைக்கு 1,625 சதுர அடி வண்டிகளுக்கே போய்விடுகிறது. எல்லைகளில் விட வேண்டிய காலி இடம், செடிகொடி, நடைபாதை என்று கால் பங்கைக் கழித்தால் மிச்சம் 32,670. அதை 2,625 ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 12,400 சதுர அடிக் கட்டடம். மழைநீர் தேங்க ஒரு பள்ளமும் விட வேண்டி வந்தால் பத்து பதினோராயிரத்தில் வந்து நிற்கும். ஆக நிலத்தில் கால் பங்குதான் வாடகை தருகிறது. ஃப்ளெக்ஸ் என்றால் ஆட்கள் வரத்து குறைவு, 1,000 சதுர அடிக்கு இரண்டு மூன்று கார் போதும். லாரி திரும்ப இடம் விட்டாலும் 30 முதல் 35 சதவீதம் வரை கட்டலாம், 13,000 முதல் 15,000 சதுர அடி. சதுர அடி வாடகை கடைக்குத்தான் அதிகம், ஆனால் கட்டடத்தின் அளவு ஃப்ளெக்ஸுக்கு அதிகம். இரண்டுக்கும் தனித்தனியாக மேலே போட்ட கணக்கைப் போடுங்கள். எது நிலத்துக்கு அதிகம் மிச்சம் வைக்கிறதோ அதுதான் அந்த நிலத்துக்கு ஏற்ற கட்டடம். உங்களுக்கு எது பிடிக்கும் என்பதற்கு இதில் வேலை இல்லை.

சாலை விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நிலம் சாலையைப் பார்த்து இருக்கிறது என்பது வேறு, சாலையிலிருந்து வண்டி உள்ளே வர முடியும் என்பது வேறு. நடுவில் தடுப்புச் சுவர் இருந்தால் எதிர்ப்பக்கம் வருகிறவர்கள் உங்களுக்கு இல்லை. சந்திப்பில் இருக்கிற மூலை மனையைப் பார்த்ததும் ஆசை வரும். ஆனால் சிக்னலில் நிற்கிற வண்டி வரிசை உங்கள் வாசலை மறித்தால், மாலை நேரம் முழுக்க யாரும் உள்ளே திரும்ப மாட்டார்கள். வாசல் திறக்க சாலைத் துறையின் அனுமதி வேண்டும், சந்திப்பிலிருந்து இத்தனை தூரம் தள்ளித்தான் என்று அவர்களிடம் விதி இருக்கும். அதைக் கேட்காமல் வரைபடம் போடாதீர்கள். சாலையை அகலப்படுத்தும் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேளுங்கள், முன்பக்கம் இருபது அடி போனால் போவது உங்கள் பார்க்கிங். மக்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் பக்கம் எது என்றும் பாருங்கள். காய்கறி, மருந்து, இரவுச் சாப்பாடு எல்லாம் வீட்டுக்குப் போகிற வழியில்தான் வாங்குகிறார்கள். ஃப்ளெக்ஸுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே வருகிறவர் முகவரி தேடித்தான் வருகிறார், பிரதான சாலைக்கு ஒரு தெரு உள்ளே இருந்தாலும் குறையில்லை, நிலமும் மலிவாகக் கிடைக்கும்.

இப்போது மண். நான் ஒருமுறை ஒரு நல்ல சமதளமான நிலத்தைப் பார்த்தேன். புல் முளைத்து, பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. பத்திரம் சுத்தம், சாலை வசதி அருமை. கிரயத்துக்கு முன்னால் ஜேசிபி வைத்து நான்கு குழி தோண்டச் சொன்னேன். முதல் மூன்று குழியும் நல்ல மண். நான்காவது குழியில் மூன்று அடி வரை சிவந்த மண், அதற்குக் கீழே வாளி இறங்கியதும் சத்தமே மாறியது. உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு, நசுங்கிய பிளாஸ்டிக் வாளி, கருத்து ஈரமாக வந்த மரத்தூள். ஒன்பது அடி போயும் அடி மண் வரவில்லை. எப்போதோ ஒரு பள்ளத்தை இடிபாடு கொட்டி மூடி, மேலே மண் பரப்பியிருக்கிறார்கள். விற்றவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தக் குழி இருந்த இடத்தில்தான் கட்டடத்தின் ஒரு முனை வந்தது. அதையெல்லாம் அள்ளி வெளியேற்றி, நல்ல மண் கொண்டுவந்து அடுக்கடுக்காக அழுத்துவதற்கு ஆகும் செலவைப் போட்டுப் பார்த்தால், நிலத்துக்கு மிஞ்சுகிற தொகையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனது. விலையைக் குறைக்கச் சொன்னேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை, விலகிவிட்டேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஜேசிபிக்கு ஒரு நாள் வாடகை கொடுத்ததோடு போயிற்று.

மண் பரிசோதகரிடம் துளை போட்டு அறிக்கை வாங்குங்கள், கூடவே குழியும் தோண்டுங்கள். துளை ஒரு புள்ளியைத்தான் காட்டும். களிமண் என்றால் மழையில் உப்பி வெயிலில் சுருங்குமா என்று தனியாகக் கேளுங்கள், லேசான ஒற்றைத் தளக் கட்டடங்களின் தரை வெடிப்பதற்கு அது பெரிய காரணம். நிரப்பும் மண்ணை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு 1933இல் ரால்ஃப் பிராக்டர் என்ற பொறியாளர் வெளியிட்ட சோதனைதான் இன்றும் அடிப்படை. பொதுவாக அதில் வரும் உச்ச அடர்த்தியில் 95 சதவீதம் கேட்பார்கள். இதைக் காண்ட்ராக்டர் ஒப்பந்தத்தில் எழுதி, ஒவ்வொரு அடுக்குக்கும் சோதனைச் சீட்டு வாங்க வேண்டும்.

அந்த இடத்தில் முன்பு என்ன நடந்தது என்பதும் மண்ணோடு சேர்ந்ததே. பழைய பெட்ரோல் பங்க், மெக்கானிக் ஷெட், டிரை கிளீனிங் கடை இருந்த இடம் என்றால் உஷாராக இருங்கள். டிரை கிளீனிங்கில் காலங்காலமாகப் பயன்பட்ட பெர்குளோரோஎத்திலீன் என்ற ரசாயனத் திரவம் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது, கான்கிரீட் தரையையும் ஊடுருவி நிலத்தடி நீருக்குக் கீழே இறங்கிவிடும். அமெரிக்காவில் 1980இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டத்தின்படி, மாசை உண்டாக்கியது வேறொருவராக இருந்தாலும் இன்றைய உரிமையாளரிடம் சுத்தப்படுத்தும் செலவைக் கேட்க முடியும். வாங்குவதற்கு முன்பே முறையாக விசாரித்தவருக்கு மட்டும் சில பாதுகாப்புகள் உண்டு. உங்கள் நாட்டுச் சட்டம் எப்படியிருந்தாலும், கடன் கொடுக்கிற வங்கி இதைப் பார்க்கும்.

மழைநீரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புல்வெளியில் விழும் மழையில் கால் பங்கு போல ஓடும், தார்த் தளத்திலும் கூரையிலும் விழுந்தால் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவிடும். நீங்கள் கட்டி முடித்ததும் அந்த நிலத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் மூன்று நான்கு மடங்கு ஆகிறது. பக்கத்து நிலத்துக்காரர் சும்மா இருப்பாரா? அதனால்தான் தேக்கக் குட்டை கேட்கிறார்கள். நிலத்தின் தாழ்ந்த மூலை சாலைப் பக்கம் இருந்தால், முகப்பிலேயே குட்டை வந்து உட்காரும்.

பத்திரம், வில்லங்கம், நிலப் பயன்பாட்டு வகை, நிலத்துக்குள் ஓடும் குழாய் அல்லது மின்கம்பிக்கான பாதை உரிமை ஆகியவற்றை வக்கீலும் சர்வேயரும் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, சர்வே வரைபடத்தின் மேலேயே கட்டடத்தை வரையச் சொல்லிப் பார்ப்பது. பத்தடி அகலப் பாதை உரிமை நிலத்தின் நடுவே ஓடுவது காகிதத்தில் ஒரு வரியாகத்தான் இருக்கும், வரைபடத்தில் வைத்தால்தான் கட்டடம் இரண்டாகப் பிளப்பது தெரியும்.

கட்டடத்தைப் பற்றி: கடைகளுக்கு 60 முதல் 70 அடி ஆழம் போதும். 80ஐத் தாண்டினால் பின்பக்க இருட்டுக்கு யாரும் முன்பக்க வாடகை தர மாட்டார்கள். உணவகத்துக்கு ஒரு முனைக் கடையை முதலிலேயே ஒதுக்கி, எண்ணெய்க் கழிவுத் தொட்டிக்கும் கூரை வழியாகப் புகைபோக்கிக்கும் வழி வைத்துவிடுங்கள். தளம் போட்டபின் அதற்காக உடைப்பது கொடுமை. ஃப்ளெக்ஸில் 25 முதல் 30 அடி அகல யூனிட்டுகள், நடுச்சுவர் பாரம் தாங்காத சுவராக இருக்கட்டும். ஒருவர் பெருகினால் பக்கத்து யூனிட்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். உள்ளே தடையில்லாத உயரம் 16 முதல் 20 அடி, ஷட்டர் 12 அடி அகலம் 14 அடி உயரம், தரை ஆறு அங்குலக் கான்கிரீட், ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி மீட்டரோடு த்ரீ ஃபேஸ். டிரான்ஸ்ஃபார்மருக்கு முதல் நாளே விண்ணப்பியுங்கள், கட்டடம் முடிந்து மின்சாரத்துக்காகக் காத்திருக்கும் மாதங்களுக்கும் வட்டி ஓடும்.

ஒரு விஷயம் மட்டும் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் முதல் ஃப்ளெக்ஸ் கட்டடத்தில் இன்னொரு யூனிட் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று பின்பக்கப் பாதையை 30 அடியாகச் சுருக்கினோம். திறந்த முதல் வாரத்தில் டைல்ஸ் ஏற்றிய லாரி வந்தது. டிரைவர் உள்ளே நுழைந்து, முன்னே பின்னே என்று ஏழெட்டு முறை ஒடித்துப் பார்த்து, கடைசியில் பின் சக்கரம் நடைமேடை விளிம்பை நொறுக்கி ஏறி நின்றது. எட்டு மாதத்தில் அந்த விளிம்பை மூன்று முறை பூசினோம். டைல்ஸ்காரர் ஒப்பந்தம் முடிந்ததும் போய்விட்டார், அந்த யூனிட் ஐந்து மாதம் காலியாகக் கிடந்தது. 30 அடி நீளமுள்ள சாதாரண லாரி திரும்பவே ஏறக்குறைய 42 அடி ஆரம் வேண்டும். இதைக் கட்டுவதற்கு முன் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒரு லாரியை ஓட்டிப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன்.

கடனுக்கும் அதே எண்களைப் பாருங்கள். மொத்தச் செலவு 1,111இல் 65 சதவீதம் கடன் என்றால் 722. ஆண்டு வட்டி 8 சதவீதம், 20 வருடத் தவணை என்றால் ஆண்டுக்குக் கட்ட வேண்டியது சுமார் 72. வருமானம் 100. வருமானம் தவணையைப் போல 1.25 மடங்காவது இருக்க வேண்டும் என்று வங்கிகள் வழக்கமாக எதிர்பார்க்கும், அதற்கு மேலே வசதியாக இருக்கிறது. 75 சதவீதம் கடன் வாங்கினால் தவணை 84 ஆகும், 1.2 மடங்குகூட வராது. ஆறு யூனிட்டில் ஒன்று காலியானால் வருமானம் 83. முதல் கடன் அதையும் தாங்கும், இரண்டாவதில் கைப்பணம் போட வேண்டும். சேமிப்பு முழுவதையும் நிலத்தில் கொட்டிவிட்டுக் கட்டுமானத்துக்கு வங்கியை நம்புகிறவர்கள் இந்த இரண்டாவது நிலைக்குத்தான் வந்து சேருகிறார்கள்.

குத்தகையில் சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றையும் வாடகைதாரரே ஏற்கும்படி எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாத சந்தை என்றால் அந்தச் செலவைக் கழித்துவிட்டுத்தான் 100 என்று சொல்ல வேண்டும்.

கடையா ஃப்ளெக்ஸா என்றால், முதல் கட்டடத்துக்கு என் மனசு ஃப்ளெக்ஸ் பக்கம்தான். கடைக்கு இடம் ஐம்பது அடி தள்ளிப்போனாலும் வியாபாரம் மாறிவிடும், ஃப்ளெக்ஸ் அவ்வளவு கண்டிப்பில்லை. ஒருவர் போனால் வருகிற அடுத்தவருக்குத் தொழில் வேறாக இருந்தாலும் அதே கூடம் பொருந்தும். உங்கள் நிலம் மக்கள் வீடு திரும்பும் பக்கத்தில், எளிதாகத் திரும்பக்கூடிய வாசலோடு இருந்தால் மட்டும் கடைகளை யோசியுங்கள். அப்போதும் பல் மருத்துவர், சலூன், பிசியோதெரபி, உணவகம் போல ஆள் நேரில் வந்தே ஆக வேண்டிய தொழில்களைத் தேடுங்கள்.

அந்த ஒரு வாரக் கெடுவுக்கு வருகிறேன். விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: ஒப்பந்தம் இப்போதே போடலாம், விலையில் சிறிது கூட்டியும் தருகிறேன், ஆனால் 75 நாள் விசாரணைக் காலம் வேண்டும், அதற்குள் நான் விலகினால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வேண்டும். கட்டட அனுமதிக்கு அதற்கு மேல் நாள் பிடித்தால் மாதத்துக்கு இவ்வளவு என்று திரும்பாத பணம் கட்டி நீட்டித்துக்கொள்கிறேன். விலையை விட்டுக்கொடுத்துக் கால அவகாசத்தை வாங்கிக்கொள்வதில் நஷ்டமில்லை, அந்த 201க்குள் விலை நிற்கிற வரைக்கும். மறுத்துவிட்டால் குழி தோண்ட ஒரே ஒரு நாள் கேளுங்கள். அதற்கும் சம்மதிக்காதவரிடம் அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள். சம்மதித்தால், ஜேசிபி வரும்போது நீங்களும் கூடவே நில்லுங்கள். கட்டடம் வரப்போகிற நான்கு மூலையிலும் தோண்டச் சொல்லுங்கள், வாளி இறங்கும் சத்தத்தைக் கேளுங்கள்.